அண்ணாச்சி கடைக்கு டாட் எக்ஸ்ஒய்இசட் சரிப்படுமா?

டாட் காம் மாதிரி வெப்சைட் முகவரியின் கடைசியில் வரும் ஒரு பின்னொட்டுதான் டாட் எக்ஸ்ஒய்இசட் (.xyz). அதை விற்க, வெப்சைட் போட்டுத் தருகிறவர்கள் நெல்லை டவுனிலும் பாளையங்கோட்டையிலும் கடைக்காரர்களிடம் எடுத்து விடும் பேச்சு ஒன்று உண்டு: "அண்ணாச்சி, கூகுளே எக்ஸ்ஒய்இசட்லதான் இருக்கு. நமக்கு என்ன?" இதில் பாதிதான் உண்மை. கூகுள் அங்கே இல்லை. கூகுளுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் தாய்க் கம்பெனியான ஆல்ஃபபெட்தான் ஏபிசி டாட் எக்ஸ்ஒய்இசட் என்ற முகவரியில் இருக்கிறது. இந்த வித்தியாசம் தெரியாமல் பணம் கட்டினால், முதல் வருஷம் மிச்சம் பிடித்த எண்ணூறு ரூபாய்க்குப் பதிலாகப் பல ஆர்டர்கள் கைவிட்டுப் போகும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். அல்வா, பாய், அப்பளம், கருப்பட்டி, ஜவுளி என்று நேரடியாக வாடிக்கையாளருக்கு விற்கும் கடைக்கு டாட் எக்ஸ்ஒய்இசட் ஐந்துக்கு இரண்டு மதிப்பெண். வெளியாள் எட்டிப் பார்க்காத உள்வேலைக்கு ஐந்துக்கு நான்கு.

ஆல்ஃபபெட் ஏன் அந்த முகவரிக்குப் போனது என்பதிலிருந்து தொடங்குவோம். 2015 ஆகஸ்ட் 10 அன்று லாரி பேஜ் ஒரு கடிதம் வெளியிட்டார். தேடல், யூடியூப், ஆண்ட்ராய்டு, விளம்பரம் எல்லாம் கூகுள் என்ற கம்பெனிக்குள் இருக்கும். ஆயுளை நீட்டும் ஆராய்ச்சி செய்யும் காலிகோ, வீட்டுக் கருவிகள் செய்யும் நெஸ்ட், முதலீட்டுப் பிரிவுகள், பரிசோதனைக்கூடமான எக்ஸ் போன்றவை வெளியே வந்து தனித்தனிக் கம்பெனிகளாக நிற்கும். எல்லாவற்றுக்கும் தலைக்கு மேல் ஆல்ஃபபெட். கூகுளின் தலைமை மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சைக்கு. அக்டோபர் 2 அன்று மாற்றம் நடைமுறைக்கு வந்தது. கூகுள் பங்கு ஒன்று வைத்திருந்தவருக்கு அதே உரிமையுள்ள ஆல்ஃபபெட் பங்கு ஒன்று, கையெழுத்து எதுவும் போடாமலே மாறியது. பங்குச் சந்தைக் குறியீடுகூட மாறவில்லை.

இதனால் யாருக்கு லாபம்? முதலீட்டாளருக்கு. விளம்பரத்தில் வரும் பணம் எவ்வளவு, கனவுத் திட்டங்களில் கரையும் பணம் எவ்வளவு என்று அதுவரை பிரித்துப் பார்க்க வழி இல்லை. 2016 பிப்ரவரியில்தான், கூகுளுக்கு வெளியே நிற்கும் கம்பெனிகளுக்கு 'மற்ற பந்தயங்கள்' என்று தனிக் கணக்கு வந்தது: 2015-இல் வரவு 44.8 கோடி டாலர், நஷ்டம் சுமார் 357 கோடி டாலர். பிறகு 2017-இல் கூகுளுக்கும் ஆல்ஃபபெட்டுக்கும் நடுவே இன்னொரு கம்பெனியைச் செருகினார்கள். அதன் பெயர் ரோமன் எண்ணில் 26. ஆங்கில எழுத்துகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் நையாண்டி புரியும்.

சரி, முகவரி. ஆல்ஃபபெட் டாட் காம் பிஎம்டபிள்யூ கையில் இருந்தது. கம்பெனிகளுக்கு வண்டிகளை வாடகைக்கு நிர்வகிக்கும் அவர்களுடைய துணை நிறுவனத்தின் பெயரே ஆல்ஃபபெட். விற்கும் எண்ணம் இல்லை என்று பிஎம்டபிள்யூ சொல்லிவிட்டது. ஏபிசி டாட் காம் டிஸ்னியின் டெலிவிஷன் கம்பெனிக்கு. உலகத்தையே விலை பேசக்கூடிய கம்பெனிக்கும் நினைத்த பெயர் கிடைக்கவில்லை. கிடைத்ததை எடுத்து, எழுத்துவரிசையின் தலையும் வாலுமாகப் பொருத்திவிட்டார்கள். சாமர்த்தியம்தான்.

ஆனால் அந்தத் தளத்துக்கு யார் போகிறார்கள்? காலாண்டுக் கணக்கு, இயக்குநர் குழு, பங்குதாரர் கூட்ட அறிவிப்பு. இவற்றைப் பார்ப்பவர்கள் பங்கு ஆய்வாளர்களும் நிருபர்களும்தான். ஜிமெயில் திறக்க அங்கே யாரும் போவதில்லை. கீழ ரத வீதியில் நெல்லையப்பர் கோவிலுக்கு எதிரே இருக்கும் இருட்டுக்கடை, பெயர்ப்பலகை வைக்காமலே சாயங்காலம் வரிசை கூட்டுகிறதே, அந்த மாதிரி ஒரு தெம்பு ஆல்ஃபபெட்டுக்கு உண்டு. பலகையைப் பார்த்து ஆள் வரவேண்டிய நிலையில் அது இல்லை. சமாதானபுரத்தில் போன மாதம் திறந்த ஸ்வீட் ஸ்டாலுக்கு அந்தத் தெம்பு எங்கே இருக்கிறது?

டாட் எக்ஸ்ஒய்இசட் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தது 2014 ஜூன் 2. ஆரம்பத்தில் எண்ணிக்கை வீங்கியதற்குக் காரணம், ஒரு பெரிய பதிவு நிறுவனம் தன்னிடம் டாட் காம் வைத்திருந்தவர்களுக்கு அதே பெயரில் எக்ஸ்ஒய்இசட்டை கேட்காமலே இலவசமாகச் சேர்த்துவிட்டது. ஆல்ஃபபெட் அறிவிப்புக்குப் பிறகு பதிவு நிஜமாகவே மளமளவென்று ஏறியது. 2021-இல் பணப் பரிமாற்றச் சேவை நடத்தும் ஸ்கொயர் கம்பெனி பெயரை பிளாக் என்று மாற்றியபோது அதுவும் பிளாக் டாட் எக்ஸ்ஒய்இசட்டுக்குப் போனது. ஆக, பின்னொட்டு கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. சிக்கல் வேறு இடத்தில்.

முதல் சிக்கல் வாய்ச்சொல். நம் ஊர்க் கடைகளுக்கு வெளியூர் ஆர்டர் வருவது பெரும்பாலும் போனில். தாராவியிலோ துபாயிலோ இருக்கும் சொந்தக்காரருக்கு முகவரி சொல்லும் லட்சணம் இப்படி இருக்கும்:

"அண்ணாச்சி, வெப்சைட் அட்ரஸ் சொல்லுங்க. மருமவ அதுலயே ஆர்டர் போடுதேங்கா."

"நம்ம கடை பேரு, டாட், எக்ஸ், ஒய், இசட்."

"என்னது, ஜெட்டா?"

"இசட்டுக்கா. ஏபிசிடியில கடைசி மூணு எழுத்து."

"அதுக்குப் பிறவு டாட் காம்மா?"

"காம் கிடையாதுக்கா."

"காம் இல்லாம எப்படி வரும்?"

மருமகள் கடைசியில் என்ன தட்டுவாள்? கடைப் பெயர், எக்ஸ்ஒய்இசட், டாட் காம், எல்லாவற்றையும் சேர்த்து. அந்த முகவரி காலியாக இருந்தால் பிழைத்தோம். அது வேறொருவர் கையில் இருந்தால் ஆர்டர் அங்கே. இதை அடைக்க அந்த டாட் காமையும் சேர்த்து வாங்க வேண்டும். ஒரு முகவரியின் ஓட்டையை அடைக்க இன்னொரு முகவரிக்குக் கப்பம் கட்டுவதற்கு, முதலிலேயே நல்லதாக வாங்கியிருக்கலாம்.

நெல்லைப் பக்கத்தில் இந்தத் தொல்லை இரட்டிப்பு, ஏனென்றால் ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதுவதிலேயே நமக்குள் உடன்பாடு இல்லை. திருநெல்வேலியை 'டி' மட்டும் போட்டு எழுதுவது அரசு வழக்கம். பாதிப் பேர் 'டிஎச்' போடுவார்கள். பத்தமடைக்கு 'டி' ஒன்றா, இரண்டா, 'டிஎச்'சா? அல்வா 'ஏ'வில் தொடங்குமா 'எச்'சிலா? கேட்கும் ஆளுக்கு நான்கு விதமாக விழும் பெயரோடு, பழக்கமில்லாத பின்னொட்டும் சேர்ந்தால் முகவரி தேறாது. ஊர்ப் பெயர் வேண்டுமென்றால் 'நெல்லை' போதும். அதை எழுத ஒரே வழிதான் எல்லோர் கையிலும் இருக்கிறது. மொத்தப் பெயர் பன்னிரண்டு எழுத்துக்குள், நடுவில் கோடு இல்லாமல், இலக்கம் இல்லாமல்.

பாக்கெட்டிலும் வேன் கதவிலும் அச்சடிக்கும்போதும் இதே கதை. டாட் காம், டாட் இன் என்று முடிந்தால் அது வெப்சைட் முகவரி என்று பார்த்ததும் தெரியும். வெறும் எக்ஸ்ஒய்இசட்டில் முடிந்தால், வண்ணார்பேட்டை பாலத்தில் பஸ்ஸில் போகிறவருக்கு அது ஏதோ கம்பெனிக் குறியீடு மாதிரிதான் படும். ஏற்கெனவே வாங்கியாயிற்று என்றால் முன்னால் மூன்று டபிள்யூவைக் கட்டாயம் போடுங்கள். பக்கத்தில் க்யூஆர் கோடும் வையுங்கள். மெசேஜில் அனுப்பும்போது எச்டிடிபிஎஸ் தொடங்கி முழு முகவரியையும் ஒட்டுங்கள். பழைய ஆப்கள் சிலவற்றுக்குப் புதுப் பின்னொட்டுகள் தெரியாது. வெறும் பெயரை லிங்க்காக மாற்றாமல் சாதா எழுத்தாகவே விட்டுவிடும்.

இரண்டாவது, மெயில். இதுதான் பணத்தைத் தின்னும் இடம். மலிவாகக் கிடைக்கும் எதையும் மோசடிக்காரர்கள் மொத்தமாக வாங்குவார்கள்; சலுகைக் காலங்களில் டாட் எக்ஸ்ஒய்இசட் ஒரு டாலருக்கும் கீழே விற்றது. அதனால் பல அலுவலக மெயில் சர்வர்கள் இந்தப் பின்னொட்டைப் பார்த்ததுமே ஸ்பேம் மதிப்பெண்ணைக் கூட்டிவிடும், சில அடியோடு தடுக்கும். ஆல்ஃபபெட்டின் மெயிலை யாரும் தடுக்க மாட்டார்கள். உங்கள் கொட்டேஷன் மட்டும் குப்பைக் கூடைக்குப் போகும், போனது உங்களுக்குத் தெரியவும் தெரியாது. கேட்டவர் வேறு கடைக்குப் போய்விடுவார்.

முழுத் தீர்வு கிடையாது, அடியைக் குறைக்கலாம். உங்கள் வெப்சைட் பெயர் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று குறித்து வைக்கும் டிஎன்எஸ் பக்கத்தில் மூன்று ரெக்கார்டுகள் சரியாக இருக்க வேண்டும். எஸ்பிஎஃப்: உங்கள் பெயரில் எந்த சர்வர் மெயில் அனுப்பலாம் என்ற பட்டியல். இது ஒரு டொமைனுக்கு (வெப்சைட் பெயருக்கு) ஒன்றே ஒன்றுதான். ஹோஸ்டிங்காரர் ஒன்று, மெயில் கம்பெனி ஒன்று என்று இரண்டு எஸ்பிஎஃப் வரிகள் போட்டால் இரண்டுமே செல்லாது. ஒரே வரிக்குள் இரண்டு பேரையும் சேர்க்க வேண்டும். அந்த வரியைச் சரிபார்க்க மற்ற டிஎன்எஸ் பதிவுகளைத் தேட வேண்டிய தடவை பத்தைத் தாண்டினாலும் பிழைதான். டிகேஐஎம்: மெயிலுக்குக் கையொப்பம். 2048 பிட் சாவி 255 எழுத்தைத் தாண்டும் என்பதால் சில கண்ட்ரோல் பேனல்களில் அதை இரண்டு துண்டாக, தனித்தனி மேற்கோள் குறிக்குள் ஒட்ட வேண்டும். பாதி வெட்டுப்பட்டு நிற்பதுதான் இங்கே அதிகம் நடக்கும் கோளாறு. டிமார்க்: இந்தச் சோதனைகளில் தேறாத மெயிலை என்ன செய்வது என்ற உத்தரவு. முதலில் 'நன்' (ஒன்றும் செய்யாதே) என்று வைத்து, அறிக்கைகளில் உங்கள் மெயில்கள் தேறுகின்றனவா என்று சில வாரம் பார்த்து, பிறகு 'குவாரன்டைன்' (ஸ்பேமில் போடு) ஆக்குங்கள். நேரே 'ரிஜெக்ட்' போட்டால் உங்கள் பில்லிங் சாஃப்ட்வேர் அனுப்பும் ரசீதையே நீங்கள் தடுத்துக்கொள்வீர்கள்.

தீபாவளிக்கு மொத்த எஸ்எம்எஸ் அனுப்பும் பழக்கம் இருந்தால் இன்னொரு படி. 2024 அக்டோபர் 1 முதல், வணிக எஸ்எம்எஸ்ஸில் வரும் லிங்க், டெலிகாம் கம்பெனிகள் நடத்தும் டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் முன்கூட்டியே பதிவாகி இருக்க வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. பதிவாகாத லிங்க் இருந்தால் மெசேஜ் போகாது. எந்தப் பின்னொட்டானாலும் இதுதான் விதி. ஆனால் முகவரியை நடுவில் மாற்றினால் பதிவையும் மாற்ற வேண்டும் என்பது பலருக்கு நினைவு வருவது, மெசேஜ் நின்ற பிறகுதான்.

கூகுள் தேடலில் பின்தங்கிவிடுமா என்ற பயம் மட்டும் வேண்டாம். புதுப் பின்னொட்டுகளுக்குச் சலுகையும் இல்லை, தண்டனையும் இல்லை என்று கூகுள் 2015 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. 'எக்ஸ்ஒய்இசட் போட்டால் ரேங்க் ஏறும்' என்று விற்கிறவரை நம்பாதீர்கள்.

விலை. முதல் வருஷம் நூறு, இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும், அதுதான் தூண்டில். இரண்டாம் வருஷம் புதுப்பிக்கும்போது பல இடங்களில் ஆயிரத்தைத் தாண்டும், அதற்கு மேல் 18% ஜிஎஸ்டி. வாங்குவதற்கு முன் 'ரினியூவல்' என்ற கட்டத்தைத் தேடிப் பாருங்கள்; கூடையில் சேர்க்கும் பக்கத்தில் அதைச் சின்ன எழுத்தில்தான் வைத்திருப்பார்கள். சின்னச் சின்ன நல்ல பெயர்களுக்கு 'பிரீமியம்' என்று தனி விலை. சிலவற்றுக்கு அந்தப் பிரீமியம் வருஷா வருஷம். மலிவாகவே நீடிக்கும் ஒரே ரகம், ஆறு முதல் ஒன்பது இலக்கம் வரை வெறும் எண்களால் ஆன பெயர்கள். ஒரு டாலருக்கு ஒரு சென்ட் குறைவாக, புதுப்பித்தலும் அதே விலை என்று 2017-இல் கொண்டுவந்தார்கள். பத்து இலக்க மொபைல் எண் இதில் அடங்காது. 0462-ஐ விட்டுவிட்டால் நம் லேண்ட்லைன் எண் ஏழு இலக்கம், அது அடங்கும். சிசிடிவி, கிடங்குக் கணக்கு, சோதனைத் தளம் மாதிரி வேலைக்கு இதைவிடச் சகாயமான முகவரி கிடையாது. நான்கு மதிப்பெண் கொடுத்தது இதற்காகத்தான்.

கூடவே, நெல்லையில் நிறைய வீடுகளுக்குப் பொருந்தும் ஒரு உபயோகம். ஒரே குடும்பத்தில் ரைஸ் மில், லாட்ஜ், ஸ்வீட் கடை, டிராவல்ஸ் என்று நான்கு தொழில் நடக்கும். எல்லாம் தாத்தா பெயரில். ஆடிட்டர் சொல்லி மேலே ஒரு பிரைவேட் லிமிடெட் தொடங்குவார்கள். இதுதான் நம் ஊர் ஆல்ஃபபெட். அந்த மேல் கம்பெனிக்கு எக்ஸ்ஒய்இசட் தாராளமாக எடுக்கலாம். பேங்க் மேனேஜரும் ஆடிட்டரும்தான் பார்க்கப் போகிறார்கள். கடைகளின் பெயர், முகவரி, போன் எதையும் தொடாதீர்கள். கூகுள் தேடல் பக்கத்தின் முகவரியை ஆல்ஃபபெட் தொடவே இல்லை என்பதைக் கவனியுங்கள். தொட்டால் என்ன ஆகும் என்பதற்கு ட்விட்டர் இருக்கிறது: 2024 ஏப்ரலில் ஐபோன் ஆப்பில் 'ட்விட்டர் டாட் காம்' என்று வரும் இடத்திலெல்லாம் 'எக்ஸ் டாட் காம்' என்று காட்டும்படி மாற்றினார்கள். வேறொரு பெயரின் வாலில் ட்விட்டர் டாட் காம் ஒட்டியிருந்தாலும் மாற்றிவிட்டது. 'ஃபெடெட்விட்டர் டாட் காம்' என்பது திரையில் 'ஃபெடெக்ஸ் டாட் காம்' என்று தெரிந்தது. உள்ளே போனால் வேறு தளம். மோசடிக்காரனுக்குத் தங்கத் தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி.

அப்படியானால் கடைக்கு எது? டாட் இன். இந்தியாவுக்குள் விற்கும் கடைக்கு இது போதும். தேடலிலும் இந்தியத் தளம் என்ற கணக்கில் வரும். நடத்துவது நிக்ஸி என்ற இந்திய அமைப்பு. உரிமையாளர் பெயரை மறைக்கும் பிரைவசி சேவைக்கு இதில் அனுமதி இல்லை. விவரம் சரியாக இருக்க வேண்டும், கேஒய்சி கேட்டால் கொடுக்க வேண்டும். கடைக்காரருக்கு அது நல்லதுதான். வங்கிகளை எல்லாம் 2025 அக்டோபர் 31-க்குள் பேங்க் டாட் இன் முகவரிக்கு மாறச் சொன்னது ரிசர்வ் வங்கி. அதனால் டாட் இன் என்ற வால் ஜனங்கள் கண்ணுக்கு இன்னும் பழகும். வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்புகிறவர்கள் டாட் காமையும் சேர்த்து வாங்கி ஒன்றை மற்றதுக்குத் திருப்பிவிடலாம். முழுக்கத் தமிழிலேயே, டாட் இந்தியா என்ற பின்னொட்டுடனும் பெயர் வாங்கலாம். போர்டில் எழுத அழகு. ஆனால் மெயில் முகவரியாக அதை ஏற்காத படிவங்கள் நிறைய, சில ஆப்களில் எக்ஸ்என் என்று தொடங்கும் புரியாத எழுத்துக் கோவையாகவும் தெரியும். இரண்டாவது முகவரியாக வைத்துக்கொள்ளலாம்.

எந்தப் பின்னொட்டை வாங்கினாலும் யார் பெயரில் வாங்குகிறார்கள் என்று பாருங்கள். வெப்சைட் போடும் தம்பி தன் அக்கவுண்டில், தன் மெயிலில் பதிவு செய்துவிட்டு, பிற்பாடு வளைகுடா போய்விட்டால் கடைப் பெயர் அவரோடு போகும். அக்கவுண்ட் கடை முதலாளியின் மெயிலில், மொபைல் ஓடிபியும் அவருக்கே வரும்படி இருக்க வேண்டும். அந்த மெயிலும் இதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் நின்றால் மெயிலும் நிற்கும், கடவுச்சொல் மாற்றும் லிங்க் வராது. டாட் காம், டாட் எக்ஸ்ஒய்இசட் போன்றவற்றில் வாங்கியதும் சரிபார்ப்பு மெயில் ஒன்று வரும். பதினைந்து நாளுக்குள் அதைக் கிளிக் செய்யாவிட்டால் தளம் முடங்கும். புதுத் தளம் இரண்டு வாரம் ஓடிவிட்டுத் திடீரென்று படுத்தால், முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

காலாவதித் தேதியில் நம் ஊருக்கென்றே ஒரு கண்ணி இருக்கிறது. கடைக்காரர்கள் வெப்சைட் தொடங்குவது தீபாவளிக்கு முந்தின வாரங்களில். ஒரு வருஷத்துக்கு வாங்கினால் அடுத்த தீபாவளி ஆர்டர் குவியும்போதுதான் அது காலாவதியாகும். சரக்குப் போடும் அவசரத்தில் நினைவூட்டல் மெயிலை யார் பார்ப்பார்கள்? இரண்டு மூன்று வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டுங்கள், அல்லது பொங்கல் கழிந்து வியாபாரம் மந்தமான நேரத்தில் முன்கூட்டியே புதுப்பியுங்கள். மிச்ச நாள் வீணாகாது, பழைய தேதியோடு ஒரு வருஷம் கூடும். தவறவிட்டால், சாதாரண விலையில் மீட்க விற்பனையாளரைப் பொறுத்து 45 நாள் வரை அவகாசம் கிடைக்கலாம். அதற்குள்ளேயே ஏலத்துக்கு விடுகிறவர்களும் உண்டு. அதன் பிறகு 30 நாள் தண்டத்தோடு மீட்கலாம், 5 நாள் யாருக்கும் இல்லை, பிறகு யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். பெரிய கம்பெனிக்கும் சறுக்கும். 2015 செப்டம்பரில், ஆல்ஃபபெட் மாற்றம் முடிவதற்கு மூன்று நாள் முன், கூகுள் டாட் காமையே கூகுளின் சொந்தச் சேவையில் ஒருவர் 12 டாலருக்கு வாங்கி ஒரு நிமிடம் வைத்திருந்தார்.

ஏற்கெனவே எக்ஸ்ஒய்இசட்டில் இருந்து டாட் இன்னுக்கு மாறுகிறவர்கள் செய்ய வேண்டிய வரிசை: மாற்றுவதற்கு ஒரு நாள் முன்பே டிஎன்எஸ்ஸில் டிடிஎல்லை (பழைய பதிவை மற்ற சர்வர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்ற அளவு) 300 நொடிக்குக் குறையுங்கள். புது முகவரிக்குச் சான்றிதழ் போட்டு, பூட்டுக் குறி வருகிறதா என்று மொபைல் டேட்டாவில் பாருங்கள், கடை வைஃபையில் பழைய பதிவு தங்கியிருக்கலாம். பிறகு ஒவ்வொரு பக்கத்தையும் அதற்கு நேரான புதுப் பக்கத்துக்கு 301 என்ற நிரந்தரத் திருப்பமாகத் திருப்புங்கள். எல்லாவற்றையும் முகப்புக்குத் தள்ளிவிட்டால் தேடலில் இருந்த இடம் போகும். கூகுள் மேப்பில் கடைப் பக்கம், டிஎல்டி பதிவு, அடுத்த முறை அடிக்கும் அட்டைப்பெட்டி, மூன்றிலும் முகவரியை மாற்றுங்கள். பழைய எக்ஸ்ஒய்இசட்டை உடனே விட்டுவிடாதீர்கள். அந்த மெயில் முகவரியைக் கொடுத்துத் திறந்த ஜிஎஸ்டி, வங்கி, கூரியர் அக்கவுண்டுகள் ஒன்று விடாமல் மாறும்வரை கட்டணம் கட்டி வைத்திருங்கள். விட்ட பெயரை இன்னொருவர் எடுத்தால், உங்கள் பெயருக்கு வரும் கடவுச்சொல் மெயிலெல்லாம் அவர் பெட்டியில் விழும்.